வளைவில் முந்தும் வால்: குற்றம் சாரதியினதா, காரினதா?

பத்திரிகைத் தொழிலுக்குள் நான் நுழைந்த காலத்தில், வீதி விபத்துச் செய்தி எழுதுவதற்கென எழுதப்படாத வாய்பாடு ஒன்று இருந்தது. இடம், நேரம், வாகனம், இறந்தவரின் வயது, தொழில். இவற்றை வரிசையாகக் கூறிவிட்டு, 'அதிவேகமும் சாரதியின் கவனயீனமுமே விபத்துக்குக் காரணம் எனப் பொலிஸார் தெரிவித்தனர்' என்ற வசனத்துடன் செய்தியை முடித்துவிடுவோம். அந்த இறுதி வசனத்தை நாங்கள் யாரும் யோசித்து எழுதியதில்லை. அது பேனாவிலிருந்து தானாகவே வந்து விழும்.

1970களின் தொடக்கத்தில் ஒரு மழைநாளில், மலைநாட்டு வீதியொன்றின் வளைவில் ஒரு கார் பள்ளத்தில் வீழ்ந்தது. அதை ஓட்டிச் சென்ற இளம் ஆசிரியர் அவ்விடத்திலேயே உயிரிழந்தார். எஞ்சின் பின்புறம் பொருத்தப்பட்ட ஐரோப்பியச் சிறு கார் அது. அதனைத் தயாரித்தவர் யார் என்பது இங்கு வேண்டாம். வழக்கமான வாய்பாட்டின்படி நான் அச்செய்தியை எழுதினேன். பன்னிரண்டு வரிகள்.

இரு வாரங்களின் பின்னர் இறந்தவரின் தமையனார் அலுவலகத்துக்கு வந்தார். கையில் அந்தச் செய்தித் துண்டு இருந்தது. கோபித்துக் கொள்ளவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "தம்பி வேகமாய் ஓடுறவன் இல்லை. நீங்கள் அவன் ஓடினதைப் பார்த்தனீங்களோ?"

என்னிடம் பதில் இல்லை. அந்தக் காரைப் பள்ளத்திலிருந்து இழுத்தெடுத்த கராஜ்காரரைத் தேடிச் சென்றேன். வயது முதிர்ந்த மனிதர். எண்ணெய்ப் பிசுக்கேறிய கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, உந்தக் காருக்கு வால் கனம். வளைவுக்குள்ளை போனாப்பிறகு பயந்து காலை எடுத்தால் வால் முந்திக்கொண்டு வந்திடும். அந்தப் பிள்ளை பயந்திருக்கும். பயப்பிடாத மனிசர் ஆர்?"

அன்று அவர் கூறியதை முழுமையாக விளங்கிக்கொள்ள எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. அதைத் தேடிப் படித்தபோது, அது ஒரு கராஜ்காரரின் அனுமானமல்ல, உலகின் தலைசிறந்த பொறியியலாளர்களும் பந்தய வீரர்களும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் போராடிய ஒரு பிரச்சினை என்பது தெரியவந்தது. அந்த வரலாற்றையே இங்கு எழுத விழைகின்றேன்.

ரயரின் வரவு செலவு

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். ஒரு காரை வீதியுடன் பிணைத்து வைத்திருப்பவை நான்கு ரயர்களின் அடிப்பாகங்கள் மாத்திரமே. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுடையது. அந்த ஒவ்வொரு ரயருக்கும் குறிப்பிட்ட அளவு பிடிமானமே உண்டு. அதை மாதச் சம்பளத்துக்கு ஒப்பிடலாம். முன்னோக்கித் தள்ளுவதற்கும், நிறுத்துவதற்கும், பக்கவாட்டில் சறுக்காமல் இருப்பதற்கும் அந்த ஒரே சம்பளத்திலிருந்துதான் செலவழிக்க வேண்டும். ஒன்றுக்கு அள்ளிக் கொடுத்தால் மற்றதற்கு மிஞ்சாது.

பின்சில்லுகளால் உந்தப்படும் விளையாட்டுக் காரில் இந்தச் செலவு பின்பக்கத்திலேயே அதிகம். வளைவில் காரைத் தடத்தில் வைத்திருப்பதும் அவைதாம், எஞ்சினின் வலுவை வீதிக்குக் கடத்துவதும் அவைதாம். வளைவின் நடுவே அக்சிலறேற்றரை ஆழ மிதித்தால் பின்சில்லுகள் சுழன்று பிடிமானத்தை இழக்கும். கார் வெளிப்புறமாக வால் வீசும். இது முதலாவது வகை.

இரண்டாவது வகை இன்னும் வஞ்சகமானது. வளைவின் நடுவே அச்சமுற்றுக் காலைச் சட்டென எடுத்தாலோ பிறேக்கை மிதித்தாலோ, காரின் பாரம் முன்னோக்கிச் சாய்கிறது. முன்சில்லுகள் வீதியை இறுகப் பற்றுகின்றன, பின்சில்லுகள் இலேசாகின்றன. அதே கணத்தில் பின்புறம் வழுக்கத் தொடங்குகிறது. எஞ்சினும் பின்னாலேயே இருக்குமாயின், சுத்தியலின் தலையைப் போல அந்தப் பாரம் சுழற்சியை மேலும் வளர்க்கும். கராஜ்காரர் கூறிய 'வால் முந்துதல்' என்பது இதுவே.

இதிலுள்ள துயரம் என்னவெனில், ஆபத்தை உணர்ந்த எந்த மனிதனும் முதலில் செய்வது காலை எடுப்பதைத்தான். உயிரைக் காக்கும் இயல்புணர்ச்சியே இங்கு உயிரைப் பறிக்கின்றது.

வெள்ளி அம்புகளின் காலம்

இந்தப் பிரச்சினை பேருருவம் எடுத்தது 1934 இல், ஜேர்மனியில். ஃபேர்டினண்ட் போர்ஷவின் வடிவமைப்பு நிறுவனம் ஔட்டோ யூனியன் நிறுவனத்துக்காக உருவாக்கிய பந்தயக் காரில், பதினாறு சிலிண்டர் எஞ்சின் சாரதிக்குப் பின்னால் வைக்கப்பட்டது. 1936 இல் வந்த 'சி' வகையில் அந்த எஞ்சின் 6 லீற்றர் கொள்ளளவும் ஏறத்தாழ 520 குதிரைவலுவும் கொண்டிருந்தது. ரயர்களோ இன்றைய அளவுகோலில் மிக ஒடுக்கமானவை.

அதன் பின்புற அச்சு ஊசல் அச்சு வகையைச் சார்ந்தது. இரு பக்க அரை அச்சுகளும் நடுவில் உள்ள பற்சில்லுப் பெட்டியின் அருகே மாத்திரம் அசையும் வண்ணம் பொருத்தப்பட்டிருந்தன. சில்லு மேலும் கீழும் செல்லும்போது அதன் சாய்வும் மாறும். வேகமான வளைவில் காரின் பின்புறம் மேலெழும்பினால் வெளிச்சில்லு உட்புறமாக மடங்கத் தலைப்படும். அப்போது ரயர் முழு அகலத்தில் அன்றி விளிம்பில் மாத்திரமே வீதியைத் தொடும். பிடிமானம் படிப்படியாகக் குறையாமல் ஒரே கணத்தில் அற்றுப்போகும். ஒற்றைச் சில்லு வீணே சுழல்வதைத் தடுக்க, 1935 இல் போர்ஷ 'சட்எஃப்' நிறுவனத்தைக் கொண்டு மட்டுப்படுத்தப்பட்ட வழுக்கல் கொண்ட டிஃபரன்ஷியலை உருவாக்குவித்தார். இன்றும் விளையாட்டுக் கார்களில் அதன் வழித்தோன்றல்கள் உள்ளன.

இந்தக் காரைக் கையாள முடியாது பல அனுபவசாலிகள் திணறினர். அதை அடக்கியவர்களுள் முதன்மையானவர் பேர்ண்ட் ரோஸமையர். மோட்டார் சைக்கிள் பந்தயங்களிலிருந்து வந்த அவர், 1935 இல்தான் கார்ப் பந்தயத்துக்குள் நுழைந்தார். முன் எஞ்சின் கொண்ட பந்தயக் கார்களின் பழக்கம் அவருக்கு இல்லை. ஆதலால் மறக்க வேண்டியதும் எதுவும் இருக்கவில்லை. 1936 இல் ஐரோப்பியச் சம்பியனானார். 1938 ஜனவரி 28 இல், பிராங்க்ஃபேர்ட் - டார்ம்ஸ்டாட் நெடுஞ்சாலையில் வேகச் சாதனை முயற்சியொன்றின்போது அவர் இறந்தார். வயது 28.

அவருக்குப் பின் அதே நிறுவனத்துக்காக ஓட்ட வந்தவர் இத்தாலியரான டாட்ஸியோ நுவோலாரி. அவரும் மோட்டார் சைக்கிள் வீரராயிருந்தவரே. நான்கு சில்லுகளையும் ஒரே சீராக வழுக்கவிட்டு, ஸ்டியறிங்கால் அல்லாது அக்சிலறேற்றரால் காரைத் திருப்பும் கலையின் முன்னோடியாக அவரைக் கூறுவர். 1938 இல் மொன்ஸாவிலும் டோனிங்டனிலும் அவர் வென்றார். அவ்வாண்டின் ஔட்டோ யூனியன் காரில் ஊசல் அச்சு கைவிடப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வீரன் மாத்திரம் கற்றுக்கொள்ளவில்லை, இயந்திரமும் திருத்தப்பட்டது.

1957 இல் பிரான்ஸின் ரூவான் பந்தயத் தடத்தில், ஹுவான் மனுவல் ஃபான்ஜியோ தமது மஸராட்டி காரை வழுக்கலிலேயே நிலைநிறுத்தி ஓட்டிச் செல்லும் நிழற்படங்கள் புகழ்பெற்றவை. கார் ஒரு பக்கம் நோக்க, முன்சில்லுகள் மறுபக்கம் நோக்கி நிற்கும். பார்ப்பவர்க்கு அது அழகு. ஆனால் அந்த அழகின் பின்னே இருந்தது, காலை எடுக்கச் சொல்லும் இயல்புணர்ச்சியை அடக்கப் பழகிய ஒரு மனம். எல்லோரும் ஃபான்ஜியோ அல்லர்.

சாதாரண மனிதர்களின் கைகளில்

பந்தயத் தடத்தில் இருந்தவரை இது வீரர்களின் பிரச்சினை. அது பொதுமக்களின் பிரச்சினையாகியது அமெரிக்காவில். ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தின் ஷெவ்ரலே பிரிவு, 1960 ஆம் ஆண்டு மாதிரியாகக் கோர்வெயர் என்ற குடும்பக் காரைச் சந்தைப்படுத்தியது. காற்றால் குளிரூட்டப்படும் எஞ்சின் பின்னால். பின்புறம் ஊசல் அச்சு.

பின்புறப் பாரத்தைச் சமாளிக்க நிறுவனம் கூறிய வழி, ரயர்களில் காற்றழுத்தத்தை வேறுபடுத்துவது. சதுர அங்குலத்துக்கு முன்னால் 15 இறாத்தல், பின்னால் 26 இறாத்தல். கையேட்டில் இது இருந்தது. ஆனால் எரிபொருள் நிலையத்தில் நான்கு ரயர்களுக்கும் ஒரே அளவு காற்றடிப்பதுதான் உலக வழக்கம். ஒரு குடும்பத்தின் பாதுகாப்பு, காற்றடிக்கும் பையன் அந்த எண்களை அறிந்திருப்பதில் தங்கியிருந்தது.

1965 நவம்பரில் இளம் சட்டத்தரணி ரால்ஃப் நேடர் வாகனப் பாதுகாப்புப் பற்றிய தமது நூலை வெளியிட்டார். அதன் முதல் அத்தியாயமே கோர்வெயர் பற்றியது. விபத்து என்றதும் சாரதியைக் குற்றவாளியாக்கும் பழக்கம், வடிவமைப்பாளரைக் கேள்விக்கு அப்பாற்பட்டவராக்குகிறது என்பது அவரது வாதத்தின் சாரம். இதனைப் படித்தபோது எனது பன்னிரண்டு வரிச் செய்திதான் நினைவுக்கு வந்தது.

பின்னர் நடந்தவை யாவரும் அறிந்தவை. நிறுவனம் தனியார் துப்பறிவாளர்களை அவர் மீது ஏவியது. 1966 மார்ச்சில் அதன் தலைவர் ஜேம்ஸ் ரோஷ் அமெரிக்க செனற் குழுவின் முன் மன்னிப்புக் கோரினார். அவ்வாண்டு செப்ரெம்பரில் தேசிய வாகனப் பாதுகாப்புச் சட்டம் கையொப்பமாகியது.

ஆயினும் நேர்மையாக எழுதுவதாயின் மறுபக்கத்தையும் கூற வேண்டும். 1964 மாதிரியிலேயே அந்தக் கார் திருத்தப்பட்டது. 1965 மாதிரியில் ஊசல் அச்சு முற்றாகக் கைவிடப்பட்டது. 1972 இல் வெளியான அமெரிக்க அரசின் ஆய்வு, 1960 முதல் 1963 வரையிலான கோர்வெயர்கள் அக்காலத்து ஏனைய கார்களைவிட அசாதாரணமான அளவில் கட்டுப்பாட்டை இழப்பவை அல்ல எனக் கண்டது. நேடரின் கேள்வி சரியானது. அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் பற்றி இன்றும் வாதம் உண்டு. ஒரு செய்தியாளனுக்கு இரண்டுமே பாடம்.

ஒரு பிடிவாதத்தின் வரலாறு

இதே காலத்தில், 1963 செப்ரெம்பரில் பிராங்க்ஃபேர்ட் கண்காட்சியில், போர்ஷ நிறுவனம் ஒரு புதிய விளையாட்டுக் காரைக் காட்சிக்கு வைத்தது. முதலில் 901 எனப் பெயரிடப்பட்ட அது, நடுவில் பூச்சியம் வரும் மூவிலக்கப் பெயர்கள் தனக்கே உரியவை எனப் பெஜோ நிறுவனம் ஆட்சேபித்ததால் 911 ஆகியது. வடிவமைத்தவர் ஃபேர்டினண்ட் போர்ஷவின் பேரன். எஞ்சின் பின்னச்சுக்கும் பின்னால் தொங்கியது. 2 லீற்றர், 130 குதிரைவலு.

ஊசல் அச்சு இல்லாதபோதும், வளைவில் காலை எடுத்தால் அதன் வால் வெளியேறியது. நிறுவனம் கண்ட முதல் பரிகாரம் வியப்புக்குரியது. முன் பம்பருக்குள் இரு பக்கமும் 11 கிலோ எடையுள்ள வார்ப்பிரும்புத் துண்டுகளை வைத்தார்கள். படகு கவிழாமல் இருக்கக் கல் ஏற்றுவது போன்ற வேலை. 1969 மாதிரியில் பின்சில்லுகளை 57 மில்லிமீற்றர் பின்னுக்கு நகர்த்தி, சில்லிடைத் தூரத்தை 2211 இலிருந்து 2268 மில்லிமீற்றராக்கினர். மேலும் அகலமான பின்ரயர்கள் வந்தன. 1972 ஒக்டோபரில் பாரிஸில் காட்டப்பட்ட கரேரா ஆர்எஸ் காரில், வேகத்தில் பின்புறம் மேலெழுவதைக் குறைக்க, வாத்து வால் போன்ற காற்றுத்தடுப்பு பொருத்தப்பட்டது.

வல்லவர்களின் கையில் அதே குறை ஆயுதமாகியதும் உண்மை. பின்சில்லுகளின் மேல் எஞ்சின் அமர்ந்திருப்பதால், பனியிலும் சேற்றிலும் உந்துவிசை வீணாவதில்லை. 1968, 1969, 1970 ஆகிய மூன்று ஆண்டுகளும் மொன்டே கார்லோ ரலியை 911 வென்றது. முதலாண்டில் விக் எல்ஃபோர்ட், அடுத்த இரண்டிலும் பியோர்ன் வால்டெகோர்ட். வாலை வேண்டுமென்றே வீசவிட்டு வளைவைக் கடப்பது அவர்களது உத்தி.

1974 ஒக்டோபரில் அறிமுகமான டேர்போ வகை 260 குதிரைவலு கொண்டது. அதில் இன்னொரு பொறி இருந்தது. அக்சிலறேற்றரை மிதித்த பின்னர், டேர்போ விசிறி சுழன்று வலு சேர்க்கச் சற்றுத் தாமதமாகும். வளைவின் நடுவே மிதித்தவருக்கு, அவர் எதிர்பாராத கணத்தில் முழு வலுவும் பின்சில்லுகளில் வந்திறங்கும். திடுக்கிட்டுக் காலை எடுத்தால் பாரம் முன்னுக்குப் போகும். நான் மேலே கூறிய இரு வகை வழுக்கல்களையும் ஒரே வளைவில் சந்திக்க நேரும். 'விதவையாக்கி' என்ற பட்டப்பெயர் அதற்கு வந்தது இதனால்தான்.

பயத்துக்கு இடமளித்த பொறியியல்

இந்த வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப்படும் ஆண்டு 1977. போர்ஷ நிறுவனம் அவ்வாண்டில் 928 என்ற காரை வெளியிட்டது. அதன் பின்னச்சு, நிறுவனத்தின் ஆய்வு நிலையம் அமைந்த வைஸாக் என்னும் ஊரின் பெயரால் அழைக்கப்படுகிறது. சாரதி வளைவில் காலை எடுத்ததும், பின்சில்லுகள் மிகச் சிறிய அளவில் தாமாகவே உட்புறம் திரும்பும் வண்ணம் அது அமைக்கப்பட்டது. வால் வெளியேறத் தூண்டும் செயலே வாலைப் பிடித்துவைக்கும் செயலாக மாறியது.

அதுவரை பொறியியலாளர்கள் சாரதிக்குச் சொல்லிவந்தது, 'பயப்படாதே, காலை எடுக்காதே' என்பதே. முதன்முறையாக, 'நீ பயப்படுவாய், காலை எடுப்பாய், அதற்கும் சேர்த்தே இதைச் செய்திருக்கின்றோம்' என்று ஓர் இயந்திரம் சொன்னது. 911 காரும் 1993 இல் புதிய பலகைப் பின்னச்சைப் பெற்று, தனது பழைய கெட்ட பெயரின் பெரும்பகுதியைக் களைந்தது.

1995 இல் பொஷ் நிறுவனமும் மெர்சிடிஸ் நிறுவனமும் இணைந்து மின்னணு உறுதிக் கட்டுப்பாட்டை எஸ் 600 காரில் அறிமுகப்படுத்தின. ஸ்டியறிங் காட்டும் திசையையும் கார் உண்மையில் சுழலும் வீதத்தையும் அது இடையறாது ஒப்பிடும். வால் வெளியேறுவதாகக் கண்டால், வெளிப்புற முன்சில்லை மாத்திரம் பிறேக் பிடித்துக் காரை நேராக்கும். நான்கு சில்லுகளைத் தனித்தனியே பிறேக் பிடிப்பது நுவோலாரிக்கும் இயலாத காரியம். ஏனெனில் மனிதனுக்கு இருப்பது ஒரே பிறேக் மிதிதான். அமெரிக்காவில் 2012 மாதிரியிலிருந்தும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பரிலிருந்தும், புதிய கார்கள் அனைத்துக்கும் இது கட்டாயமாகியது.

எனினும் இயற்பியலை எந்தக் கணினியும் வெல்வதில்லை. 2013 நவம்பர் 30 இல் ஹொலிவூட் நடிகர் போல் வோக்கர் உயிரிழந்தது போர்ஷ கரேரா ஜிரி காரில். அவர் பயணி. 612 குதிரைவலு கொண்ட அந்தக் காரில் உறுதிக் கட்டுப்பாடு இல்லை. மணிக்கு 72 கிலோமீற்றருக்கு மட்டுப்படுத்தப்பட்ட வீதியில் கார் 130 முதல் 150 கிலோமீற்றர் வரையிலான வேகத்தில் சென்றதாகவும், ரயர்கள் ஒன்பது ஆண்டுப் பழைமையானவை என்றும் விசாரணையாளர்கள் கண்டனர். இங்கு வேகம் குற்றவாளிதான். ஆனால் அதைச் சொல்லும் முன் அவர்கள் ரயரின் வயதையும் பார்த்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

பழைய பின்னுந்து கார்களை இன்றும் ஓட்டுவோர் எம்மிடையே உள்ளனர். அவர்களுக்காகச் சில வார்த்தைகள். வேகத்தை வளைவுக்கு முன்பே, கார் நேராகச் செல்லும்போதே குறைத்துக்கொள்ளுங்கள். வளைவினுள் அக்சிலறேற்றரைச் சீராக வைத்திருங்கள். வால் வெளியேறினால், அது செல்லும் பக்கமே ஸ்டியறிங்கைத் திருப்பி, கண்ணைப் போக வேண்டிய இடத்தில் வையுங்கள். வலு மிகுந்ததால் வழுக்கியதாயின் காலை மெல்லத் தளர்த்துங்கள், ஒருபோதும் சட்டென எடுக்க வேண்டாம். பிடிமானம் திரும்பியதும் ஸ்டியறிங்கை விரைந்து நேராக்குங்கள். பிந்தினால் வால் மறுபக்கம் வீசும். எல்லாவற்றுக்கும் மேலாக, ரயர்களைப் பாருங்கள்.

பின்னாளில் செய்தி ஆசிரியர் பொறுப்பு எனக்குக் கிடைத்தபோது, 'சாரதியின் கவனயீனம்' என்ற தொடருடன் வந்த விபத்துச் செய்திகளைத் திருப்பி அனுப்புவது எனது வழக்கமாயிற்று. வீதி ஈரமா, ரயர் எப்படி இருந்தது, என்ன வகைக் கார், வளைவுக்கு எச்சரிக்கைப் பலகை இருந்ததா என்று விசாரித்து வரும்படி இளம் நிருபர்களிடம் கூறுவேன். சிலர் முணுமுணுத்தார்கள். மூன்று வரிச் செய்திக்கு இவ்வளவு விசாரணையா என்று கேட்டவர்களும் உண்டு.

அவர்களுக்கு நான் அந்தத் தமையனாரின் கதையைச் சொல்வதில்லை. அது எனது கடன். அந்த இளம் ஆசிரியர் எவ்வளவு வேகத்தில் சென்றார் என்பது எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. தெரியாததை அன்று தெரிந்ததுபோல் எழுதினேன். ஐம்பது ஆண்டுகள் கடந்த பின்னர், அந்தப் பன்னிரண்டு வரிகளின் இறுதி வசனத்தை இங்கு திரும்பப் பெற்றுக்கொள்கின்றேன்.